ஷெவராய் ஒன்பது

மணிக்கொரு தரம் சேலம் கண்ட்ரோல் எண்களைக் கூப்பிடும்.
ஷெவராய் ஏழு. ஆஜர்.
எட்டு. ஆஜர், அடிவாரம் செக்போஸ்ட், தூறல்.
அதன் பிறகு குணசீலன் ஏட்டு
அரை மூச்சு நிறுத்துவார்.
அந்த அரை மூச்சுக்குள்
மாதேசனின் ஜீப் பதினாறாவது கொண்டை ஊசியில்
இன்னொரு முறை திரும்பாமல் போகும்.
பிறகுதான், ஒன்பது.

நான்தான் ஒன்பது. மூன்று வாரமாக.
செட் அதே செட். மைக்கின் சுருள் வயரில்
அவர் சுற்றிய கறுப்பு டேப்பும் அதே.
வேறு எண் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன்.
எண்ணுக்கு என்னம்மா தீட்டு, என்றார் ரைட்டர்.

உச்சி ரிப்பீட்டர் அறையில் மேஜை இழுப்பறை.
பாதி தீர்ந்த தைலம், சுருட்டிய செம்புக் கம்பி,
நாற்பது பக்க நோட்டு.
சிற்றலை கேட்கிற பைத்தியம் மனிதருக்கு இருந்ததாக
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கோழி கிளறின கையெழுத்து:

அமெரிக்காவில் ரேடியோ நிலையத்துக்கு எழுத்துதான் இனிஷியல்.
மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே.

கீழே பால்பாயிண்டில் ஒரு படம்.
நெளிந்து ஓடுகிறது திருமணிமுத்தாறு.
அம்மாபேட்டை, டபிள்யூ.
செவ்வாய்ப்பேட்டை, கே.
ஏற்காட்டுக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி.

அடுத்த பக்கம் பிட்ஸ்பர்க்.
ஆற்றுக்குக் கிழக்கே எவ்வளவோ தொலைவு,
இருந்தும் பெயர் கே.டி.கே.ஏ.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது நவம்பரில்
தேர்தல் முடிவை ராத்திரியில் வாசித்த நிலையம்.
கப்பல்களுக்கு எழுத்து வழங்குகிற பட்டியலில்
அடுத்து நின்றதை எடுத்து நீட்டிவிட்டார்கள்.
'ரேஷன் கடை மாதிரி' என்று எழுதி
இரண்டு அடிக்கோடு போட்டிருக்கிறார்.
அதோடு சரி. மிச்சம் முப்பத்திரண்டு பக்கம் வெள்ளை.

அப்படி விட்டுவிட்டுப் போனால் எப்படி?
மூன்றரை மணிக்குப் பனி கொஞ்சம் விலகி
ஃபோனில் இரண்டு கோடு வந்ததும்
மிச்சத்தை நான் தேடினேன்.

கப்பல் போனால் அதன் எழுத்து கரைக்குத் திரும்பும்.
ஒரேகான் பக்கம் புயலில் ஒன்று மூழ்கியது.
அதன் மூன்றெழுத்தை இன்னொன்றுக்குச் சூட்டினார்கள்.
அது பெரு நாட்டுப் பக்கம் எரிந்துபோனது.
இனி எந்தக் கப்பல்காரன் கை நீட்டுவான்?
அட்லாண்டாவில் ஒரு செய்தித்தாள்
ரேடியோ தொடங்க உரிமம் கேட்டு நின்றது.
அதன் தலையில் கட்டினார்கள், டபிள்யூ எஸ் பி.
கட்டடம்தானே, மூழ்காது.
அவர்களோ அந்த மூன்றுக்கும்
'தெற்கே வருக, சகோதரா' என்று பொருள் சொல்லிக்கொண்டு
நூறு வருடம் தாண்டியும் பேசுகிறார்கள்.
சோள விலைக்கு முன்னும் வானிலைக்கு முன்னும்
இரண்டு கப்பல்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான்
தொடங்குகிறோம் என்று
அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

எங்கள் வாழப்பாடிப் பக்கம்
பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக்
குப்பையில் புரட்டிக் குப்பன் என்பார்கள்.
எமன் பெயரைப் பார்த்து முகம் சுளித்துப் போய்விடுவான்.
சர்க்காருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

நான்கு மணி.
ஏழு. ஆஜர்.
எட்டு. ஆஜர், மழை விட்டது.
குணசீலன் ஏட்டு மூச்சை நிறுத்துகிறார்.
நான் அதற்குள் மைக்கை அழுத்திவிட்டேன்.

ஒன்பது ஆஜர்.
பதினாறாவது வளைவில் லாரி ஒன்று
விளக்கில்லாமல் குறுக்கே நிற்கிறதாம்,
எஸ்டேட் காவலாளி ஃபோன் செய்தார்.
கீழிருந்து ஆள் அனுப்புங்கள், ஓவர்.

கரகரப்பு. தொண்டையைச் செருமுகிற சத்தம்.
ஒன்பது, வண்டி நம்பர் சொல்லுங்க, ஓவர்.

டி.என். முப்பது.
மிச்சம் பனியில் தெரியலையாம், ஓவர்.